ஷேவ் செய்த இடத்தில் அரிப்பு: வைத்தியம் என்று நாம் செய்யும் தவறுகள்

அக்குளிலோ அந்தரங்கப் பகுதியிலோ ஷேவ் செய்த பிறகு வரும் அரிப்பைப் பற்றி யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கும். அதனால் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தடவிப் பார்க்கிறோம். பல நேரம் ரேசரைவிட இந்தக் கைவைத்தியம்தான் தோலைப் புண்ணாக்குகிறது.

உதாரணத்துக்குக் கிருமிநாசினி. எரிந்தால் கிருமி சாகிறது என்று ஒரு நினைப்பு. ரேசர் முடியோடு தோலின் மேல் படலத்தையும் கொஞ்சம் சுரண்டிவிடுகிறது. அப்படி உரசிய தோலில் ஆஃப்டர் ஷேவ், எலுமிச்சைச் சாறு, வாசனைப் பவுடர் எது பட்டாலும் எரிச்சல் ஏறும். கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் தோல் வெந்தே போகலாம். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் வைத்து, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரை மெல்லிசாகப் பூசுங்கள். அவ்வளவு போதும்.

எனக்கு அதிகம் கவலை தருவது, மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள். பூசியதும் அரிப்பு அடங்குவதால் நம்பிவிடுகிறோம். தொடை இடுக்குத் தோல் மெல்லியது, மருந்தை வேகமாக உறிஞ்சும். வாரக்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலிந்து, வரி வரியாகத் தழும்பு விழும். அரிப்புக்குக் காரணம் படர்தாமரையாக இருந்தால், மேலே சிவப்பு மங்கி உள்ளே அது பரவிக்கொண்டே போகும்.

அப்புறம், சிவப்புப் பொரிகள். ஒன்றை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள்: சிலவற்றில் தோலுக்கடியில் கறுப்பு நூல் மாதிரி ஒரு வளைவு தெரியும். வெளியே வர வேண்டிய முடி சுருண்டு தோலுக்குள்ளேயே குத்தி நிற்கிறது. சுருள் முடிக்காரர்களுக்கு இது அதிகம். ஊசியால் கிளறினாலோ நகத்தால் பிதுக்கினாலோ கிருமி புகுந்து சீழ் வைக்கும். ஆறினாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுத்துக் காத்திருந்தால் பெரும்பாலும் முடி தானே வெளியே வந்துவிடும். பொரி அடங்கும் வரை அங்கே ரேசர் படவே கூடாது. "ஒருமுறை சுத்தமாக மழித்துவிட்டால் சரியாகிவிடும்" என்று மறுபடி பிளேடு வைப்பது, ஆறிவரும் புண்ணைத் திரும்பக் கீறுவதுதான்.

ஷேவ் செய்யும்போது நடப்பவை பலருக்கும் தெரிந்தவைதான்: காய்ந்த தோலில் இழுப்பது, மழுங்கிய பிளேடு, அழுத்தம், இன்னொருவரின் ரேசர். ஆனால் தோலை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் மழிப்பதைப் பலரும் தவறாகவே நினைப்பதில்லை. அப்படி வெட்டிய முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். வளரும்போது உள்ளேயே குத்தும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் முடியை ஊறவிட்டு, முடி சாயும் திசையிலேயே மழியுங்கள். அடிக்கடி பொரி வருகிறவர்கள் ரேசரை விட்டுவிட்டு, ஒரு மில்லிமீட்டர் முடி மிஞ்சும்படி டிரிம்மர் போடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு மூன்று நாள் கழித்து வரும் அரிப்பு வேறு வகை. வெட்டுப்பட்ட முடிமுனை கூராக முளைத்து, பக்கத்துத் தோலில் உரசுகிறது. இறுக்கமான நைலான் உள்ளாடை போட்டால் இது கூடும். தளர்வான பருத்தி உள்ளாடையில் குறையும்.

ஆனால் சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, நீர்க்கொப்புளம், வட்டமாக விளிம்பு தடித்த தடிப்பு, ஒரு வாரமாகியும் குறையாத அரிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதற்கு முன் ஏதாவது க்ரீம் பூசியிருந்தால் அந்தக் குழாயையும் கையோடு எடுத்துப் போங்கள்.