ஒரு குருத்தெலும்பு மரபணுவை நீங்களே வரைந்து பார்க்கும் முறை

மூட்டுகளில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்புக்கு உறுதி தருவது இரண்டாம் வகை கொலாஜன் என்னும் புரதம். அதற்கான மரபணு எங்கே இருக்கிறது, உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கட்டம் போட்ட தாளில் வரைவோம். உயிரியல் பட்டம் தேவையில்லை, வகுத்தல் தெரிந்தால் போதும். மரபணு படிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். இதன் எண்களே பாடம் நடத்திவிடும்.

படி 1: பெயரைத் தேடுங்கள்

அமெரிக்காவின் என்சிபிஐ என்னும் உயிரியல் தகவல் மையத்தின் தளத்தில் மரபணுத் தேடலுக்குப் போய், சி, ஓ, எல், 2, ஏ, 1 என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டுங்கள். எலி, கோழி, மீன் எல்லாம் வரிசையில் வரும். மனித இனத்துக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: முகவரியைப் படியுங்கள்

இருப்பிடம் 12க்யூ13.11 என்றிருக்கும். 12 என்பது குரோமோசோம் எண். க்யூ என்பது அதன் நீண்ட கரம். குட்டைக் கரமாக இருந்தால் பி என்று இருக்கும். அடுத்து வருவதைப் 'பதின்மூன்று' என்று படிக்காதீர்கள். 'ஒன்று, மூன்று' என்பதே சரி: முதல் பகுதி, மூன்றாம் பட்டை. புள்ளிக்குப் பின்னால் வருவது உட்பட்டை.

இந்த முகவரியின் முதல் எண்ணைக் கண்டுபிடிக்கவே ஒரு காலத்தில் எவ்வளவு பாடுபட்டார்கள்! 1980களில் மனிதச் செல்லையும் எலி போன்ற கொறிக்கும் விலங்கின் செல்லையும் இணைத்துக் கலப்புச் செல்களை வளர்த்தார்கள். அவை பெருகப் பெருக மனிதக் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக இழக்கும். எந்தக் குரோமோசோம் மிஞ்சிய செல்களிலெல்லாம் இந்த மரபணு தென்படுகிறது என்று ஒப்பிட்டுத்தான் 12 என்ற விடையை அடைந்தார்கள்.

படி 3: திசையைக் குறியுங்கள்

டிஎன்ஏ இரண்டு இழைகளால் ஆனது. இந்த மரபணு எதிர் இழையில், அதாவது எண்கள் ஏறும் திசைக்கு எதிராகப் படிக்கப்படும் இழையில், எழுதப்பட்டிருக்கிறது. எனவே தொடக்கம் பெரிய எண்ணிலும் முடிவு சிறிய எண்ணிலும் இருக்கும். குரோமோசோமின் 4 கோடியே 80 லட்சமாவது டிஎன்ஏ எழுத்துக்கு அருகில் தொடங்கிப் பின்னோக்கி ஓடுகிறது. தாளில் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். இதை மறந்தால் படம் முழுவதும் தலைகீழாகிவிடும்.

மொத்த நீளம் ஏறத்தாழ 31,500 எழுத்துகள். புரதத்திலோ அதன் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்கள் 1,487தான். ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்து வீதம் 4,461 எழுத்துகள் போதும். அதாவது ஏழில் ஒரு பங்குதான் புரதமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி இன்ட்ரான், அதாவது நகலெடுத்தபின் வெட்டி நீக்கப்படும் பகுதி. வெட்டாமல் வைத்துக்கொள்ளும் துண்டுகளுக்கு எக்ஸான் என்று பெயர். இங்கே 54 எக்ஸான்கள்.

படி 4: எக்ஸான் நீளங்களை ஒன்பதால் வகுங்கள்

என்செம்பிள் என்னும் மரபணுத் தகவல் தளத்தில் இதே பெயரைத் தேடி, 1,487 அமினோ அமிலம் என்று காட்டும் மரபணு நகலை (டிரான்ஸ்கிரிப்ட்) திறந்தால், இடப்புறப் பட்டியலில் எக்ஸான் அட்டவணை கிடைக்கும். நீளம் என்ற பத்தியை மட்டும் பாருங்கள். நடுப்பகுதியில் 54, 54, 45, 99, 108 என்று சில எண்களே மாறி மாறி வரும். ஒவ்வொன்றையும் ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், மீதியே வராது.

காரணம் புரதத்தின் வடிவத்தில் இருக்கிறது. மூன்று கொலாஜன் இழைகள் கயிறு போல முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கின் உட்புறத்தில் இடம் மிகக் குறைவு. கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் மட்டுமே அங்கே அடங்கும். ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடமும் கிளைசின். மூன்று அமினோ அமிலம் ஓர் அலகு. எழுத்துக் கணக்கில் ஒன்பது. 54 என்றால் ஆறு அலகுகள், 108 அதன் இரட்டை, 45ம் 99ம் ஓர் அலகு குறைந்தவை. ஒரு சிறு மூதாதைத் துண்டு திரும்பத் திரும்பப் பிரதியாகியே இந்தக் கொலாஜன் மரபணுக் குடும்பம் உருவானது என்ற கருத்து 1980இல் கோழியின் கொலாஜன் மரபணுவில் இதே 54 எழுத்து நீளத்தைக் கண்டபோது எழுந்தது. அட்டவணையில் அந்த எண்ணை முதன்முதலாக நீங்களே காணும் கணத்தை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள்.

படி 5: ஒரு பிழையைப் படத்தில் குறியுங்கள்

இளவயதிலேயே மூட்டுத் தேய்வை உண்டாக்கும் ஒரு மாற்றத்தை 1990இல் கண்டறிந்தார்கள். அர்ஜினின் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் என்னும் வேறோர் அமினோ அமிலம் வந்துவிட்டது. பழைய கட்டுரைகளில் அது 519ஆவது இடம், இன்றைய பட்டியல்களில் 719. இரண்டும் ஒரே இடந்தான். அன்று முறுக்குப் பகுதியின் முதல் கிளைசினிலிருந்து எண்ணினார்கள், இன்று புரதத்தின் தொடக்கத்திலிருந்தே எண்ணுகிறோம். பழைய எண்ணுடன் 200ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 6: இரண்டாம் எக்ஸானுக்கு வேறு நிறம்

இதே மரபணுவுக்கு 1,418 அமினோ அமிலம் கொண்ட இன்னொரு புரத வடிவமும் உண்டு. வித்தியாசம் 69, எழுத்தில் 207. அட்டவணையில் 207 எங்கே இருக்கிறது என்று தேடினால், இரண்டாம் எக்ஸானில் வந்து நிற்பீர்கள்.

முதிர்ந்த குருத்தெலும்புச் செல்கள் இந்த எக்ஸானை வெட்டி எறிந்துவிடுகின்றன. கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் கூழிலோ அது தக்கவைக்கப்படுகிறது. இந்த மரபணுவின் பிரதிகள் இரண்டில் ஒன்று செயலிழந்தால் வருவது ஸ்டிக்லர் நோய்க்குறி: கடுமையான கிட்டப்பார்வை, விழித்திரை விலகல், மூட்டுவலி, காது மந்தம். ஆனால் செயலிழக்கச் செய்யும் பிழை இரண்டாம் எக்ஸானுக்குள் விழுந்தவர்களுக்கு மூட்டுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன; கண்தான் பாதிக்கப்படுகிறது. மூட்டில் எந்தக் குறையும் தெரியாத அவர்களுக்கும் விழித்திரைப் பரிசோதனை தவறாமல் வேண்டும்.