கல்லூரியில் கிளீன்ரூம் இல்லையா? சிப் ஆய்வுக்குள் நுழைய ஒரு வழி

சிப் செய்யும் தூசியில்லா அறைதான் கிளீன்ரூம். அது இல்லாததால் ஈசிஇ நான்கு வருடம் படித்தும் ஒரு வேஃபரைக்கூட (சிப் செய்யும் சிலிக்கான் தகடு) கையில் தொட்டுப் பார்க்காதவர்கள்தான் நம் ஊர்க் கல்லூரிகளில் அதிகம். அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பணத்தில் ஐஎன்யுபி (இந்திய நானோ மின்னணுப் பயனர் திட்டம்) என்றொரு திட்டம் நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் ஆரம்பித்தது, பிறகு சென்னை ஐஐடி உட்பட இன்னும் சில இடங்களுக்கு வந்தது. வெளிக் கல்லூரிக்காரர்கள் அங்கே போய்ப் பயிற்சி எடுக்கலாம், திட்டம் ஏற்கப்பட்டால் சொந்த ஆய்வையே செய்யலாம்.

ஆனால் வெறுங்கையோடு விண்ணப்பிக்காதீர்கள். முதலில் வீட்டிலிருந்தே ஒன்றை வடிவமைத்து முடியுங்கள். மின்சாரத்துக்குப் பதில் ஒளியைச் சிப்பில் ஓட்டும் ஃபோட்டானிக்ஸில் ஆரம்பிக்க மாக்-ஜெண்டர் இன்டர்ஃபெரோமீட்டர்தான் சரி: ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒரு கை கொஞ்சம் நீளமாகச் சுற்றி வந்து, மறுபடி சேரும். ஒளி ஓடும் சிலிக்கான் பாதையின் தடிமன் 220 நானோமீட்டர், அகலம் 500 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைகளின் நீள வித்தியாசம் 100 மைக்ரான், குரூப் இண்டெக்ஸ் (பாதையில் ஒளித்துடிப்பு எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்ற அளவு) சுமார் 4.2, அலைநீளம் 1.55 மைக்ரான். அலைநீளத்தின் வர்க்கத்தை மற்ற இரண்டின் பெருக்கலால் வகுத்தால் 5.7 நானோமீட்டர் வரும், ஸ்பெக்ட்ரத்தில் ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடையே உள்ள தூரம் அதுதான். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகு மீப் என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டுங்கள், கேலேஅவுட் என்ற சிப் வரைபட மென்பொருளில் வரையுங்கள். இரண்டும் இலவசம்.

வரையும்போது கிரேட்டிங் கப்ளர்களை (ஃபைபரிலிருந்து சிப்புக்குள் ஒளியை வாங்கும் இடங்கள்) 127 மைக்ரான் இடைவெளியில் வையுங்கள், ஆய்வகங்களில் புழங்கும் பல ஃபைபர் அரேக்களின் (வரிசையாகப் பொருத்திய ஃபைபர்கள்) இடைவெளி அதுதான். இஷ்டத்துக்கு 120 என்று போட்டால் சிப் எவ்வளவு அருமையாக வந்தாலும் ஃபைபர் உட்காராது, அளக்கவும் முடியாது. எந்த அரே இருக்கிறது என்று ஆய்வகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது இன்னும் நல்லது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் நடத்தும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் படிப்பில் மாணவர்கள் வரைந்ததைச் சிப்பாகவே செய்து, அளந்த தரவையும் கொடுக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ஒளி வேண்டாம், டிரான்சிஸ்டர்தான் பிடிக்கும் என்றால் ஸ்கைவாட்டர் என்ற சிப் தயாரிப்பு நிறுவனத்தின் 130 நானோமீட்டர் பிடிகே (அவர்கள் ஆலைக்கேற்ப வடிவமைக்கத் தேவையான விதிகளும் மாடல்களும்) 2020லிருந்து ஓப்பன் சோர்ஸ்.

விண்ணப்பத்தில் "நானோ தொழில்நுட்பத்தின் முக்கியத்துவம்" என்று ஒரு பக்கம் எழுதுவது வீண் வேலை. எந்த வேஃபர், எத்தனை மாதிரி, எந்தப் படிக்கு எந்தக் கருவி, கடைசியில் எதை அளப்பீர்கள் என்பதைத்தான் எழுத வேண்டும்.

கிளீன்ரூமுக்குள் போனதும், வேஃபரில் வடிவத்தைப் பதிக்கும் லித்தோகிராபி அறை மஞ்சளாக இருக்கும், நீல, புற ஊதா ஒளி பட்டால் வேஃபர்மேல் பூசும் ஒளியுணர் பூச்சான ரெசிஸ்ட் கெட்டுவிடும் என்பதால். பவுடர், மேக்கப் எதுவும் கூடாது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். நீர்த்த அமிலம் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம், ஆனால் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கும். அதற்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

அப்புறம் எம்டெக், பிஎச்டி என்று பேராசிரியருக்கு மெயில் போடும்போது இந்த லேஅவுட் படத்தையும் கணக்கிட்ட ஸ்பெக்ட்ரத்தையும் இணையுங்கள். சென்னை ஐஐடியிலேயே ஃபோட்டானிக் சிப்புகளுக்கென்று தனி மையம் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம்.