வீட்டில் பாட்டு கிளாஸ் தொடங்கப் போகிறீர்களா? முதலில் ஃபீஸைப் பேசுங்கள்

விஜயதசமியன்று நாலு பிள்ளைகளை உட்கார வைத்து, கர்நாடக சங்கீதத்தின் முதல் ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையை ஆரம்பித்துவிட்டால் கிளாஸ் தானாக ஓடிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். பாட்டு சொல்லிக்கொடுக்க வந்தது, காசு கேட்கத்தான் வாய் வரவில்லை. முதல் வருடம் ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று வைத்திருந்தேன். பரீட்சை, காய்ச்சல், ஊரில் கல்யாணம் என்று ஆளாளுக்கு மட்டம் போட்டதில் மே மாதம் கையில் ஒன்றும் நிற்கவில்லை.

அதனால் வகுப்புக் கணக்கே வேண்டாம், மாதக் கணக்கு வையுங்கள். மாதம் 8 வகுப்பு, 5ஆம் தேதிக்குள் முன்பணம். பிள்ளை வராவிட்டால் அந்த வகுப்பு போனது போனதுதான், நீங்கள் லீவு விட்டால் மட்டும் ஈடு செய்யுங்கள், ஐந்து வாரம் விழும் மாதம் அதற்குக் கைகொடுக்கும். இதை வாயால் சொல்லி விட்டுவிடாமல் சேரும் அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். "நம்ம பொண்ணுதானே டீச்சர், அடுத்த மாசம் சேர்த்துத் தரேன்" என்று ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொல்லும்போது உங்களுக்கு எப்படியும் பேச்சு வராது, அந்த மெசேஜைத்தான் காட்ட வேண்டியிருக்கும். அப்புறம், தட்சிணை வேறு, ஃபீஸ் வேறு. வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்ததை அந்த மாத ஃபீஸில் கழித்துக்கொண்ட வீட்டையும் பார்த்திருக்கிறேன்!

பேட்ச் பிரிக்கும்போது வயதோடு சுருதியையும் பாருங்கள், அதாவது குரல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை. அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், கட்டை கூடினால் உயரம் கூடும். சின்னப் பெண்கள் 5, 5½ கட்டையில் பாடுவார்கள், ரிட்டயர் ஆகி ஆசையோடு வரும் மாமாவுக்கு 1 கட்டைதான் ஒத்துவரும். இரண்டு பேரையும் ஒரே தம்புராவுக்கு உட்கார வைத்தால் ஒன்று மாமா தொண்டையைக் கிழித்துக்கொள்வார், இல்லையென்றால் பிள்ளைகள் கீழே முனகிக்கொண்டிருக்கும். குரல் உடையும் வயதுப் பையன்களை மேல் ஸ்தாயிக்கு விரட்டாதீர்கள். அவர்கள் வீட்டிலும் இதை முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பழி நம் மேல்தான் விழும்.

பெற்றோர் மூன்றாம் மாதமே "எப்போ டீச்சர் பாட்டு?" என்பார்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் ஜண்டை, அலங்காரம் என்ற அடுத்த ஸ்வரப் பயிற்சிகளெல்லாம் எதற்கு என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட, நவராத்திரிக் கொலுவில் பாட மேற்கத்திய மெட்டில் வரும் எளிய பாட்டான நோட்டுஸ்வரம் ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள், வரிசைப் பயிற்சி அதுபாட்டுக்கு நடக்கட்டும். பக்கத்து வீட்டுக் கொலுவில் அந்தக் குழந்தை பாடினால் அங்கிருந்து இரண்டு பேர் வருவார்கள், எனக்கு ஆள் சேர்ந்ததெல்லாம் அப்படித்தான், நோட்டீஸ் அடித்த காசு வீண்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஜூமில் எடுப்பதாக இருந்தால் சேர்ந்து பாட முடியாது, ஒலி தாமதமாகத்தான் போய்ச் சேரும். நீங்கள் ஒரு வரி, பிள்ளை ஒரு வரி. தம்புரா அவர்கள் பக்கத்தில் ஓடட்டும். ஜூம் அதை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும், ஜூம் செட்டிங்கில் 'ஒரிஜினல் சவுண்ட்' போடச் சொல்லுங்கள். நேரத்திலும் ஒரு வம்பு இருக்கிறது. நியூயார்க்கில் இரவு 8:30 என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை 6. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், அதே 8:30 நமக்கு 7 ஆகிவிடும், மார்ச் வரைக்கும் அப்படித்தான். அதனால் 7 மணிக்கு உள்ளூர்ப் பிள்ளை யாரையும் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், ஒரு குழந்தை ஸ்கூல் யூனிஃபார்மில் வாசலில் நிற்க, இன்னொன்று போனுக்குள்ளிருந்து "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.