விதைப்பை வலி வந்து வந்து போகுதா?
ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, ஆனா வலி மட்டும் விடலையா, அது மனப்பிரமை இல்லப்பா, நிஜ வலிதான். வெக்கப்படாம பாண்டி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல யூராலஜி டாக்டரைப் பாருங்க. எப்ப வலிச்சுது, எவ்ளோ நேரம், அன்னைக்கு என்ன பண்ணீங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டுப் போங்க, கடலூர்ல இருந்து பாண்டிக்கு பைக்ல போயிட்டு வந்த நாள்லதான் எனக்கு வலி ஜாஸ்தின்னு அப்படி எழுதினப்பதான் பிடிபட்டுச்சு. தொளதொள ஜட்டி வேணாம், தாங்கிப் பிடிக்கிறதா போடுங்க. ராத்திரி அகலமான டப்புல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி 15 நிமிஷம் உக்காந்தா அடியிடுப்பு தசை தளரும், எனக்கு ரொம்ப கைகொடுத்தது இதுதான். மெடிக்கல்ல நீங்களா மாத்திரை வாங்கி தினமும் போடாதீங்க. திடீர்னு தாங்கமுடியாத வலி, வீக்கம், வாந்தின்னா விதை முறுக்கியிருக்கலாம், 6 மணி நேரம் தாண்டினா அந்த விதையைக் காப்பாத்துறது கஷ்டம், விடியட்டும்னு இருக்காம உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க.