புராஸ்டேட் எம்.ஆர்.ஐ.: எந்தக் காயில் நல்ல படம் தருகிறது என்று ஒப்பிடும் முறை

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து வரும் பெரியவர்களுள் சிலர், ஓரிடத்தில் 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அளவு) கருவியிலும் வேறோரிடத்தில் 3 டெஸ்லா கருவியிலும் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, எது சிறந்தது என்று கேட்கிறார்கள். இரண்டு கருவிகள், இரண்டு காயில்கள் (உடலிலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்கும் சுருள்கள்), இரண்டு நாட்கள் என்று எல்லாமே மாறியிருக்கையில், வேறுபாட்டைக் காயிலின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. ஆகவே, ஒரே கருவியில் காயிலை மட்டும் மாற்றிப் பார்ப்பதே ஒப்பீட்டின் முதல் விதி.

முதலில் நீர் நிரப்பிய ஃபாண்டமில் (உடலுக்குப் பதிலாக வைக்கும் சோதனைக் கலத்தில்) தொடங்குங்கள். துண்டின் தடிமன், பிக்சல் அளவு, பேண்ட்வித் (சிக்னலைப் படிக்கும் அலைவரிசையின் அகலம்), மொத்த நேரம் ஆகியவை இரு காயில்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒளிர்வைச் சமப்படுத்தும் வடிகட்டியை அணைத்துவிட வேண்டும். இரைச்சலைப் படத்தின் கறுப்பு ஓரத்தில் அளக்கும் பழைய பழக்கம் இங்கே பொருந்தாது. பல சேனல் (தனித்தனிச் சிக்னல் வழி) உள்ள காயிலும், அந்தச் சேனல்களைக் கொண்டு நேரத்தைக் குறைக்கும் இணைநிலைப் படமெடுப்பும் சேரும்போது இரைச்சல் இடத்துக்கு இடம் மாறுகிறது. அடுத்தடுத்து ஒரே மாதிரி இரண்டு படங்கள் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, அளக்க வேண்டிய பகுதியில் கிடைக்கும் திட்டவிலக்கத்தை 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த இடத்தின் இரைச்சல் கிடைக்கும்.

எங்கே அளக்கிறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பலூனோடு மலக்குடலுக்குள் வைக்கும் மலக்குடல் காயில் புராஸ்டேட் சுரப்பியின் பின்புறத்தை ஒட்டி அமர்வதால் அங்கே சிக்னல் மிக வலுவாக இருக்கும், ஆனால் முன்புறம் நோக்கிச் செல்லச் செல்ல விரைவாகக் குறைந்துவிடும். பின்புறத்தில் மட்டும் அளந்தால் அந்தக் காயில் எப்போதும் வெல்லும், அது ஒப்பீடாகாது. பின், நடு, முன் என மூன்று இடங்களிலும் அளந்து தனித்தனியே எழுதுங்கள். இடுப்பின் மேல் வைக்கும் மேற்பரப்புக் காயிலில் சிக்னல்–இரைச்சல் விகிதத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பதையும், மலக்குடல் காயிலைப் பொருத்தும் நேரமும் மேசை நேரமே என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நோயாளியிடம் வரும்போது, 2019-இல் வெளிவந்த பை-ராட்ஸ் 2.1 (புராஸ்டேட் எம்.ஆர்.ஐ. வழிகாட்டி) அளவுகளை அடிப்படையாகக் கொள்ளலாம்: சுரப்பியின் அமைப்பைக் காட்டும் டி2 படத்துக்கு 3 மி.மீ. தடிமன், 0.7 × 0.4 மி.மீ. நுணுக்கம், நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படத்துக்கு 4 மி.மீ.க்கு மிகாத தடிமன், 1400 அல்லது அதற்கு மேற்பட்ட பி-மதிப்பு (அந்த அசைவை உணரும் திறனின் அளவு). மலக்குடல் காயில் கட்டாயம் என்று அந்த வழிகாட்டி சொல்லவில்லை. காற்று ஊதிய பலூன் டிஃப்யூஷன் படத்தைக் கோணலாக்கும் என்பதால் பெர்ஃபுளோரோகார்பன் திரவத்தாலோ பேரியக் கரைசலாலோ அதை நிரப்புவது நல்லது. மேற்பரப்புக் காயிலிலும் குடல்வாயு இதே கெடுதலைச் செய்யும். முந்தைய இரவு சுகர் பீன்ஸ் கறியை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருபவரின் படத்தில் குற்றத்தைக் காயிலின் மேல் போடாதீர்கள். பலூன் சுரப்பியை நசுக்கி உருமாற்றுவதால், கதிர்வீச்சுத் திட்டமிடலுக்கு அந்தப் படம் இடைஞ்சலாகும்.

படத்தைப் படிப்பவருக்கு எந்தக் காயில் என்பதை மறைக்க வேண்டும் என்பார்கள். மலக்குடலில் விரிந்த பலூனை எவரால் மறைக்க முடியும்? அதனால் ‘எந்தப் படம் அழகு’ என்று கேட்காமல், சுரப்பி உறையின் கோடு தொடர்ச்சியாகத் தெரிகிறதா, நரம்பு–இரத்தக்குழாய்க் கற்றை பிரிந்து தெரிகிறதா என்று கேளுங்கள். 2020-இல் ஐந்து படிகளோடு வந்து, 2024-இல் மூன்று படிகளாகச் சுருங்கிய பை-குவால் என்னும் படத்தர மதிப்பெண்ணையும் உடன் எழுதலாம்.

என் முடிவு இது: 3 டெஸ்லாவில் 16 சேனலோ அதற்கு மேலோ உள்ள மேற்பரப்புக் காயில் இருந்தால் மலக்குடல் காயிலைத் தேட வேண்டியதில்லை. சேனல் குறைந்த பழைய 1.5 டெஸ்லா கருவியில் அது இன்னும் பயன்படும். ஆனால் மலக்குடலில் அறுவை செய்துகொண்டவருக்கும் லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவருக்கும், எண்கள் எவ்வளவு கூடினாலும், அதைப் பொருத்தக் கூடாது. இடுப்பில் உலோக மூட்டு வைத்தவருக்கு, உலோகத்தால் வரும் கோணல் குறைவு என்பதால், 1.5 டெஸ்லாவே நல்லது.