8085 சிமுலேட்டரில் போர்ட்டும் இன்டரப்டும்: எனக்கு ஏழரை பிடித்த இடம்

புதுச்சேரியில் மூன்றாமாண்டு படிக்கிற அக்கா மகனுக்கு மைக்ரோபிராசஸர் லேப். நாலு பேருக்கு ஒரு கிட். "மாமா, வீட்டுலயே ஓட்டிப் பார்க்க ஏதாவது எழுதிக் குடுங்களேன்" என்றான். 8085 மைக்ரோபிராசஸர் மாதிரியே கம்ப்யூட்டரில் நடந்துகொள்ளும் சிமுலேட்டர் ஒன்றை எழுத உட்கார்ந்தேன். கூட்டல், கழித்தல், ஜம்ப் எல்லாம் ஒரே ராத்திரியில் முடிந்தது. போர்ட்டும் (சிபியு வெளிச் சாதனங்களோடு பேசும் வாசல்) இன்டரப்டும் (சாதனம் நடுவில் குறுக்கிட்டுச் சிபியுவைக் கூப்பிடுவது) இரண்டு வாரம் இழுத்தன. கூட்டல், கழித்தல், ஜம்ப் கொண்ட அந்த முதல் பகுதி உங்களிடம் ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மொழி பைத்தான். ஜன்னல், பட்டன் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் நடப்பதையெல்லாம் ஒரு லாக் ஃபைலில் எழுத வையுங்கள்.

1. போர்ட்

8085-க்கு 256 போர்ட் எண்கள். 256 இடமுள்ள ஒரு பட்டியலில் எந்த எண்ணுக்கு எந்தச் சாதனம் என்று குறியுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் மூன்று ஃபங்ஷன்: படி, எழுது, டிக்.

போர்ட்டை மெமரி மாதிரி நினைத்துவிடாதீர்கள். 8251 சீரியல் சிப்பில் டேட்டா போர்ட்டில் எழுதினால் எழுத்து வெளியே போகும். அதே எண்ணைப் படித்தால் வெளியிலிருந்து வந்த எழுத்து கிடைக்கும். படித்த உடனே, 'எழுத்து வந்திருக்கிறது' என்று உயர்ந்து நின்ற லைன் (சிக்னல் கம்பி) இறங்கிவிடும். படிப்பதே ஒரு செயல். இது தெரியாமல், திரையில் போர்ட் மதிப்புகளைக் காட்ட நான் அதே 'படி'யைக் கூப்பிட்டேன். வந்த எழுத்தையெல்லாம் அந்தத் திரையே விழுங்கிவிட்டது. புரோகிராமுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 'எட்டிப்பார்' என்று நான்காவதாக ஒரு ஃபங்ஷன் அப்படித்தான் வந்தது.

2. டிக்

ஒவ்வொரு கட்டளை முடிந்ததும், அது எத்தனை கிளாக் எடுத்ததோ அதைச் சாதனங்களுக்குச் சொல்லுங்கள். 3.072 மெகாஹெர்ட்ஸ் என்றால் 10 மில்லிசெகண்ட் டைமருக்கு 30720 கிளாக். சாதனங்களை இணையாக ஓட்டத் திரெட் வேண்டவே வேண்டாம். ஒரு பிழை ஒருமுறை வந்து மறுமுறை வராவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

3. இன்டரப்ட்

சறுக்கியது இங்கேதான். கீ அழுத்தினால் சாதனம் நேராகச் சிபியுவின் 'குறுக்கிடு' ஃபங்ஷனைக் கூப்பிடும்படி எழுதியிருந்தேன். அந்த நேரம் இன்டரப்ட் மூடியிருந்தால் அழைப்பு அப்படியே காற்றோடு போனது. மருமகன் ஊர்ப் பெயரை அடித்தால் நடுவில் இரண்டு எழுத்தைக் காணோம்.

கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இறக்கும்வரை அது மேலேயேதான் இருக்கும். 8085-இன் இன்டரப்ட் லைன்களில் ஆர்.எஸ்.டி. 6.5, 5.5 இரண்டும் அந்த ரகம். சாதனம் யாரையும் கூப்பிட வேண்டாம். தன் லைனை 1 ஆக்கிவிட்டு நின்றால் போதும். கட்டளை முடியும்போதெல்லாம் சிபியு நிமிர்ந்து பார்க்கட்டும்.

7.5 வேறு ரகம், கண்டக்டர் விசில் மாதிரி. 0-இலிருந்து 1-க்கு ஏறுகிற அந்தக் கணம்தான் கணக்கு. ஏறியதை உள்ளே ஒரு ஃபிளிப்ஃபிளாப் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒப்பிட்டு ஒரு கொடியைத் தூக்குங்கள்; சிபியு ஏற்றுக்கொண்டதும் இறக்குங்கள்.

ஐந்து இன்டரப்ட் லைன்களையும் பார்க்கும் வரிசை: டிராப், 7.5, 6.5, 5.5, கடைசியில் ஐ.என்.டி.ஆர். ஏற்றுக்கொண்டால் இன்டரப்டை மூடி, திரும்பும் முகவரியை ஸ்டாக்கில் வைத்து, குதிக்க வேண்டியதுதான். எங்கே குதிப்பது? எண்ணை எட்டால் பெருக்குங்கள். ஏழரைக்கு 60, ஆறரைக்கு 52, ஐந்தரைக்கு 44. டிராப்புக்கு நாலரை என்று வைத்துக்கொண்டால் 36.

4. ஈ.ஐ. தாமதம்

இன்டரப்ட் ரொட்டீன் (குதித்த இடத்தில் ஓடும் புரோகிராம்) வழக்கமாக ஈ.ஐ. (இன்டரப்டைத் திறக்கும் கட்டளை), ரெட் (பழைய இடத்துக்குத் திரும்பும் கட்டளை) என்று முடியும். ஈ.ஐ. உடனே வேலை செய்யாது. அடுத்த ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் இன்டரப்ட் திறக்கும். நான் உடனே திறந்துவிட்டேன். கையால் அடிக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. 400 எழுத்தை மொத்தமாக ஒட்டிய அன்று, ரெட் ஓடுவதற்கு முன்பே அடுத்த இன்டரப்ட், அதற்குள் இன்னொன்று. லாக்கில் ஸ்டாக் பாயின்டர் இரண்டிரண்டாக இறங்கி, 800 பைட் கீழே போய் என் டேட்டாவை மிதித்துக்கொண்டிருந்தது. ஈ.ஐ. ஓடியதும் ஒரு கொடி வைத்து, அடுத்த ஒரு முறை மட்டும் லைன் பார்ப்பதைத் தவிருங்கள். இரண்டு வரி வேலை.

பிற்சேர்க்கை: சிபியுவை நிறுத்தி வைக்கும் ஹால்ட் கட்டளை போட்டால் எல்லாமே உறைந்துவிடுகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஹால்ட்டில் சிபியுதான் தூங்குகிறது, டைமர் தூங்கவில்லை. டிக்கை விடாமல் கொடுங்கள்.

இன்னொருவருக்கு 7.5-ஐத் திறந்த உடனே, டைமர் ஓடாமலே இன்டரப்ட் வந்திருக்கிறது. மாஸ்க் (ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக உள்ள தடுப்பு) மூடியிருந்தாலும் அந்த ஃபிளிப்ஃபிளாப் விசிலைக் கேட்டு வைத்திருக்கும். மாஸ்க்கை அமைக்கும் சிம் கட்டளைக்கு 9 கொடுத்திருந்தார். 16-ஐக் கூட்டி 25 கொடுத்தால் பழைய பாக்கி அழிந்து, 7.5-உம் 6.5-உம் சுத்தமாகத் திறக்கும்.