பாலியல் தொழிலில் உள்ள பெண்களுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை, கொல்கத்தாவில் இருப்பதுபோல் தனியாக ஒரு சிவப்பு விளக்குப் பகுதி காவிரி டெல்டாவில் கிடையாது. லாட்ஜ், பஸ் ஸ்டாண்டு, தெரிந்தவர் வீடு, இப்போது செல்போன் என்று எல்லாம் மறைவாகத்தான் நடக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் வயலுக்குப் போய்விட்டு, வேலை இல்லாத மாதங்களில் இதற்கு வருகிறவர்களும் உண்டு. அக்கம்பக்கத்தில் அவர் இன்னார் வீட்டு மருமகள், அவ்வளவுதான். அந்த மறைப்பைக் கலைத்துவிடுகிற எந்த உதவியையும் அவர் வாங்க மாட்டார்.

ஜி.எச்.சில் சீட்டு போடும் இடத்தைப் பாருங்கள். "எதுக்கும்மா வந்தே? சத்தமா சொல்லு." எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு என்று சொல்ல வாய் வராது, பின்னால் நிற்பது பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் அத்தோடு கதை முடிந்தது. மன்னார்குடிப் பக்கத்துப் பெண் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் வரை போவது இதனால்தான். "உங்க ஊர்லயே மையம் இருக்கே" என்று அவரைத் திருப்பி அனுப்புவது பெரிய தவறு. மகளிருக்கு இலவசம் டவுன் பஸ்ஸில்தான். வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து, ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு வந்திருப்பார். சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்பது 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம். ஆனால் வரிசையில் கேட்கும் கேள்வியே பாதி ரகசியத்தை உடைத்துவிடுகிறது.

அப்புறம் போன். மாத்திரை வாங்க வரவில்லையே என்று அக்கறையோடுதான் கூப்பிடுகிறோம்; எடுப்பது மாமியார். எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மூட்டை கொடுக்கும்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முகத்தை மறைத்தாலும் சேலையை வைத்து ஊர் கண்டுபிடித்துவிடும்.

"தொழிலை விட்டுட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்பது நல்லெண்ணத்தில் சொல்லும் பேச்சுதான். தையல் மிஷின் கொடுத்தால் குழுக் கடனின் வாரத் தவணை கட்ட முடியுமா என்று அவர் கணக்குப் போடுவார், கொடுக்கிறவர்கள் போடுவதில்லை. சிகிச்சை, ரேஷன், பிள்ளை படிப்பு ஆகியவற்றுக்கு இந்த நிபந்தனையே வேண்டாம். விடுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

முகவரிச் சான்று இல்லை என்று கையை விரிப்பதும் தவறுதான். 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரியோ மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநரோ தரும் சான்றை வைத்தே ஆதார் வாங்கலாம். தொழிலைக் காட்டும் குறியீடு எதுவும் கார்டில் இருக்கக் கூடாது என்றும் அதில் உண்டு.

சட்டத்தை அரைகுறையாகச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். வயது வந்த பெண் தன் விருப்பத்தில் இதைச் செய்வது 1956-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றமல்ல. இதற்கென்று விடுதி நடத்துவது, தரகு வேலை, பொது இடத்தில் ஆள் அழைப்பது ஆகியவை குற்றம். அந்தக் கடைசி ஒன்றை நினைத்துத்தான், அடி வாங்கினாலும் ஸ்டேஷன் வாசலை அவர் மிதிப்பதில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானால் மற்ற பெண்களுக்கு உள்ள எல்லா உரிமையும் இவருக்கும் உண்டு. எந்த மருத்துவமனையும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். "நீயே இந்தத் தொழில்ல இருக்கே" என்று யாராவது சொன்னால், கூடப் போகிறவர் அங்கேயே மறுத்துப் பேச வேண்டும். பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கலாம், இலவச சட்ட உதவிக்கு 15100.

பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால், அவரே முடிவு செய்யட்டும் என்ற ஆலோசனை பொருந்தாது. அங்கே விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை; குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே சொல்லியாக வேண்டும்.